உறங்கும்போது மூச்சை நடத்துவது யார்?

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தைப் பன்னிரண்டே நூற்பாக்களில் முடித்துவிட்டார். உயிர் என்று ஒன்று உண்டா என்பதே அதில் மூன்றாம் நூற்பாவின் விசாரணை. உடம்பே உயிர் என்பவர், ஐம்புலன்களே உயிர் என்பவர், ஓடும் மூச்சே உயிர் என்பவர் என்று ஒவ்வொருவருக்கும் அங்கே தனித்தனி மறுப்பு இருக்கிறது. மூச்சையே உயிரென்று கொண்டவருக்குக் கிடைக்கும் பதில் மிகச் சுருக்கமானது. ஒருவன் தூங்குகிறான். மூச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவன் எதையும் நுகர்வதில்லை, எந்தத் தொழிலும் செய்வதில்லை. மூச்சுதான் உயிர் என்றால் அது ஓடும்போதெல்லாம் நுகர்ச்சியும் தொழிலும் இருந்தாக வேண்டுமே. ஆகவே அறிபவன் வேறு, மூச்சு வேறு.

மறுப்பு கச்சிதமானதுதான். ஆனாலும் அதற்குப் பின்னால் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. அறிபவன் ஒதுங்கிக் கிடக்கும் அந்த ஆறேழு மணி நேரமும் மூச்சை நடத்துவது யார்? இதயத்தையும் குடலையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது யார்?

மெய்கண்டாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வைசேஷிகம் என்ற தத்துவப் பள்ளியினர் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். பதார்த்ததர்ம சங்கிரகம் எழுதிய பிரசஸ்தபாதர், ஆன்மாவின் முயற்சியை இரண்டாகப் பிரிக்கிறார். விருப்பு வெறுப்பிலிருந்து எழுவது ஒன்று. வாழ்தலிலிருந்தே எழுவது இன்னொன்று. உறங்குபவனின் மூச்சு ஓடுவது இந்த இரண்டாம் முயற்சியால். ஆன்மாவினுடைய முயற்சிதான், ஆனால் ஆன்மா அதை விரும்பிச் செய்வதில்லை. செய்கிறோம் என்று அறிவதும் இல்லை. பின்வந்த நியாய நூலோர் இதைப் புலனுக்கு எட்டாதது, ஊகத்தால் மட்டுமே பெறக்கூடியது என்று வகைப்படுத்தினார்கள். விரும்பாமலும் அறியாமலும் நடப்பதை முயற்சி என்று சொல்லலாமா என்ற சங்கடம் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் அதே சங்கடம் வேறு உருவில் வந்தது. 1649இல் வெளியான தம் நூலில் பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த், இதயத்துடிப்பு, செரிமானம், தூக்கத்து மூச்சு எல்லாவற்றிலிருந்தும் ஆன்மாவை விலக்கிவிட்டார். உடல் ஒரு பொறி. தன் சூட்டால் தானே ஓடுகிறது. ஆன்மாவின் வேலை மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பியை அசைத்து, நரம்புக் குழாய்களில் ஓடும் நுண்ணிய ஆவியைத் திருப்பிவிடுவது மட்டும். அரை நூற்றாண்டு கழித்து ஜெர்மன் மருத்துவர் கியோர்க் எர்ன்ஸ்ட் ஸ்டால் இதை முழுதாக மறுத்தார். செரிப்பதும் சுரப்பதும் துடிப்பதும்கூட ஆன்மாதான் என்றார். பிரசஸ்தபாதரின் பெயரையே அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஏறக்குறைய அவர் நின்ற இடத்தில் போய் நின்றார்.

இவர்கள் அத்தனை பேரும் தர்க்கத்தால் துழாவிய இடத்தை ஒருவர் சோதனையால் தொட்டார். அதற்கான வழி அவருக்குக் கிடைத்ததும் தூக்கத்தில்தான்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர் ஓட்டோ லேவி. நரம்பு தன் செய்தியை மின்சாரமாகவே உறுப்புக்குக் கடத்துகிறதா, அல்லது முனையில் ஏதேனும் ஒரு பொருளை வெளிவிடுகிறதா என்ற கேள்வி 1903இலேயே அவருக்குள் எழுந்து, சோதிக்க வழி தெரியாமல் மறந்தும் போயிருந்தது. 1920இல், ஈஸ்டருக்கு முந்தைய இரவு, தூக்கத்திலிருந்து விழித்து ஒரு துண்டுத்தாளில் எதையோ கிறுக்கிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். காலையில் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை எழுதிக்கொண்டிருக்கவில்லை, எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போனார்.

அவர் செய்தது எளிமையான சோதனை. இரண்டு தவளை இதயங்களை எடுத்து உப்புக்கரைசலில் துடிக்க வைத்தார். ஒன்றில், மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஒட்டியிருந்தது, மற்றதில் நரம்பே இல்லை. முதல் இதயத்தின் வேகஸைச் சிறு மின்சாரத்தால் தூண்டினார், துடிப்பு மந்தமானது. அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குள் விட்டார். யாரும் தூண்டாத, நரம்பே இல்லாத அந்த இதயமும் மந்தமானது. வேகத்தைக் கூட்டும் நரம்பைத் தூண்டியபோது, கரைசல் இரண்டாம் இதயத்தின் வேகத்தையும் கூட்டியது. 1921இல் முடிவுகளை வெளியிட்டபோது அந்தப் பொருளை வேகஸ் பொருள் என்று மட்டும் குறித்தார். லண்டனில் ஹென்றி டேல் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த அசிட்டைல்கோலின்தான் அது என்பது பிறகு உறுதிப்பட்டது. 1936இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தத்துவக் கண்ணோடு பார்த்தால் இந்தச் சோதனையின் கூர்மை திடுக்கிட வைப்பது. ஒரு விலங்கின் நரம்பு அதன் இதயத்துக்கு அனுப்பிய செய்தியைக் குழாயில் எடுத்து, இன்னொரு விலங்கின் இதயத்துக்கு ஊற்றிவிட முடிந்திருக்கிறது. இரண்டு தவளைகளுமே அப்போது உயிரோடு இல்லை. நிதானமாகு என்ற செய்தி எந்தத் தவளையின் விருப்பமும் இல்லாமலே பிறந்து, போய்ச் சேர்ந்து, நிறைவேறியும் விட்டது.

அதன் பிறகு வந்த நூறாண்டு ஆராய்ச்சி இந்தப் படத்தை நுணுக்கமாக வரைந்திருக்கிறது. விருப்பத்தைக் கேட்காமல் உள்ளுறுப்புகளை நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் மூளைத்தண்டிலிருந்தோ முதுகுத் தண்டுவடத்திலிருந்தோ புறப்படும் முதல் நரம்பு செல், உறுப்புவரை போவதில்லை. வழியில் ஒரு நரம்பு முடிச்சில் நின்று, அங்கே அசிட்டைல்கோலினை விடுகிறது. அதைப் பெற்ற இரண்டாம் செல்தான் உறுப்பை அடைகிறது. நிதானத்துக்கான துணைப்பரிவு நரம்பு உறுப்பிலும் அசிட்டைல்கோலினையே விடும். அவசரத்துக்கான பரிவு நரம்பு பெரும்பாலும் நார்அட்ரினலினை விடும். 1946இல் ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் இதை நிறுவினார். நரம்பு நெடுகிலும் மணிகோத்தது போன்ற சிறு புடைப்புகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்பைகள், ஒவ்வொரு பையிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது, பை செல்லின் சவ்வோடு கலந்து திறக்கிறது, மூலக்கூறுகள் இடைவெளியில் சிந்துகின்றன. சிந்திய அசிட்டைல்கோலினை ஒரு நொதி விநாடியில் மிகச் சிறு பகுதிக்குள் உடைத்துவிடும். நார்அட்ரினலினையோ, விட்ட நரம்பே பெரும்பாலும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

இதில் மெய்ப்பொருள் தேடுபவர் நின்று கவனிக்க வேண்டிய இரண்டு உண்மைகள் உண்டு.

முதலாவது, மூலக்கூறுக்குள் ஆணை எதுவும் எழுதப்படவில்லை. அதே அசிட்டைல்கோலின் இதயத்தை மந்தமாக்குகிறது, குடலை முடுக்குகிறது, கண்பாவையைச் சுருக்குகிறது, வாயில் உமிழ்நீரை ஊறவைக்கிறது, கை கால் தசையைச் சுருக்கி இழுக்கிறது. என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெறுகிற செல்லில் எந்த ஏற்பி இருக்கிறது என்பதே. இதயத்தில் இருக்கும் ஏற்பி பொட்டாசியத்துக்கான வாயிலைத் திறக்கிறது, துடிப்பு தாமதிக்கிறது. சிவனுக்குச் சூட்டும் ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் அந்த ஏற்பியை அடைத்துக்கொண்டால், வேகஸ் எவ்வளவு சிந்தினாலும் இதயம் அசைந்து கொடுக்காது. பொருள் ஒன்றே, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறிவிடுகிறது.

இரண்டாவது உண்மை இன்னும் ஆழமானது. இதயத்தைத் துடிக்கச் சொல்வது நரம்பே அல்ல. இதயத்தின் மேற்புறத்தில் இருக்கும் ஒரு சிறு திசு தானாகவே நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிப்பை எழுப்புகிறது. அமைதியாக இருக்கும் ஒருவருக்கு 70 என்று நாடி காட்டுவது, வேகஸ் இடைவிடாமல் அதைத் தணித்துக்கொண்டிருப்பதால். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பார்னார்ட் முதன்முறையாக ஒரு மனித இதயத்தை இன்னொருவர் மார்பில் வைத்துத் தைத்தார். அப்படி மாற்றப்படும் இதயத்தில் நரம்புகள் அறுந்தே இருக்கும். ஆனாலும் அது துடிக்கிறது. சற்று வேகமாக, தன் சொந்தத் தாளத்தில். அதை உடையவர் மாடிப்படி ஏறினால் உடனே வேகம் கூடாது. அட்ரீனல் சுரப்பி இரத்தத்தில் விட்ட அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான் கூடும்.

மேலே ஒருவர் அமர்ந்து ஆணையிட, கீழே உறுப்புகள் கீழ்ப்படிகின்றன என்ற சித்திரத்துக்கு இங்கே இடமில்லை. தெக்கார்த்தும் ஸ்டாலும் எதிரெதிர் முகாமில் நின்றாலும் இருவருமே அந்தச் சித்திரத்தை நம்பினார்கள். ஆணையின் எல்லை எதுவரை என்பதில் மட்டும் சண்டையிட்டார்கள். ஸ்ரீபாஷ்யத்தில் இராமானுசர் உடல் என்பதற்குத் தரும் இலக்கணம்கூட இந்த இடத்தில் நெருக்கடிக்கு உள்ளாகிறது. அறிவுள்ள ஒன்று எதைத் தன் பொருட்டுத் தாங்கவும் நியமிக்கவும் முடியுமோ அது அதற்கு உடல் என்கிறார் அவர். என் இதயத்தை நான் நியமிக்கவில்லையே என்று கேட்டால், உயிருக்குள்ளும் நின்று நியமிக்கும் அந்தர்யாமி ஒருவன் உண்டு என்ற பதில் வைணவரிடம் இருக்கிறது. அது நம்பிக்கையால் வரும் பதில். தவளை இதயத்தைக் கொண்டு அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அப்படியானால் நடத்துபவர் யாருமே இல்லை, எல்லாம் வேதியியல்தான், ஆன்மா என்ற பேச்சே காலாவதியாகிவிட்டது என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். லேவியின் சோதனை வீழ்த்தியது ஆணையிடும் ஆன்மாவை. மெய்கண்டார் காட்ட முயன்றதோ அறியும் ஆன்மாவை. மூச்சின் ஓட்டத்தை அவர் முன்கூட்டியே உடம்பின் கணக்கில் எழுதிவிட்டார். உடம்பை மாயையிலிருந்து ஆன ஒரு பொறியாகவே அந்த நூற்பா காண்கிறது. பொறிக்குள் எத்தனை நுண்பைகள் கண்டுபிடிக்கப்பட்டாலும் அவருடைய வாதத்துக்குச் சேதமில்லை. சேதம் பிரசஸ்தபாதருக்குத்தான். வாழ்தலிலிருந்து எழும் முயற்சிக்கு இப்போது முகவரி கிடைத்துவிட்டது. அது மூளைத்தண்டில் இருக்கிறது.

ஆனால் அவர் இரண்டு முயற்சிகளையும் பிரித்த கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்பதற்கு மருத்துவமே சாட்சி. பிறவியிலேயே வரும் ஓர் அரிய நோயில் குழந்தை விழித்திருக்கும்போது மூச்சு விடும்; தூங்கியதும் மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். தன்னியக்க நரம்பு மண்டலத்தின் வளர்ச்சிக்குத் தேவையான ஒரு மரபணுவில் வரும் மாற்றமே காரணம் என்று 2003இல் தெரியவந்தது. அந்தக் குழந்தைகள் ஒவ்வொரு இரவும் செயற்கை சுவாசக் கருவியோடு உறங்குகிறார்கள். விருப்பத்தின் மூச்சு ஒன்று, வாழ்வின் மூச்சு ஒன்று என்று ஒரு பழைய சமஸ்கிருத நூல் பிரித்ததை, ஒரு பெற்றோர் தொட்டிலருகே விழித்திருந்து காண்கிறார்கள்.

மூச்சும் இதயமும் மட்டும் என்றால் சமயவாதி இந்த விவாதத்தை இங்கே விட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம். அவரை உண்மையில் தொந்தரவு செய்ய வேண்டியது கண்ணீர்.

பக்தியின் அடையாளங்களாகச் சொல்லப்படுபவற்றை எண்ணிப் பார்த்தால் புரியும்: கண்ணீர் பெருகுதல், மயிர் சிலிர்த்தல், வியர்த்தல், நடுங்குதல், நிறம் மாறுதல், குரல் தழுதழுத்தல். நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் எட்டு என்று வரிசைப்படுத்திய சாத்துவிக பாவங்களில் பெரும்பகுதி தன்னியக்க நரம்புகளின் வேலை. கண்ணீர்ச் சுரப்பியைத் திறப்பது அசிட்டைல்கோலின். மயிரை நிமிர்த்துவது நார்அட்ரினலின். வியர்வை பரிவு நரம்பின் வேலையாக இருந்தும் விதிவிலக்காக அங்கே சிந்துவது அசிட்டைல்கோலின். அடியார் ஒருவர் சன்னதியில் உருகி நிற்கும்போது உடம்பில் நடப்பது இதுதான் என்றால், அருள் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றியவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறியவரைக் கொண்டுவருவார்கள். அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை அந்த மருந்து முடக்கிவிட்டதால் அது எங்கும் தேங்கி நிற்கும். வாயில் எச்சில் வழியும், உடல் வியர்த்துக் கொட்டும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், கண்ணிலிருந்து நீர் ஓடும். அந்தக் கண்ணீரில் துக்கமும் இல்லை, பக்தியும் இல்லை. மருத்துவர் ஊசிவழி ஏற்றும் அட்ரோபின் அதை நிறுத்தும். அழுகையின் பொருள் முழுதும் அங்கே இருக்கிறது, அழுபவர் மட்டும் இல்லை.

மாட்ரிட் நகரில் கிரெகோரியோ மாரன்யோன் என்ற மருத்துவர் 1924இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. 210 பேருக்கு அவர் அட்ரினலின் செலுத்திவிட்டு, என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டார். பெரும்பாலோர் படபடப்பு, நடுக்கம், நெஞ்சு இறுக்கம் என்று உடம்பின் செய்திகளை மட்டும் சொன்னார்கள். உணர்ச்சி தோன்றியதாகச் சொன்னவர்களிலும் பலர், பயந்தது போல இருக்கிறது, ஆனால் பயமில்லை என்ற வகையிலேயே பேசினார்கள். உடம்பு அச்சத்தின் எல்லாச் சடங்குகளையும் செய்து முடித்தது. அஞ்சுவதற்கு எதுவும் இல்லாததால் அச்சம் வரவில்லை. உடல் மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி என்று 1884இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சொன்ன கொள்கைக்கு இது பலத்த அடியாக விழுந்தது.

அடியாரின் கண்ணீருக்கும் விஷமேறியவரின் கண்ணீருக்கும் உள்ள வேறுபாடு வேதிப்பொருளில் இல்லை. ஒருவர் எதையோ நோக்கி அழுகிறார் என்பதில் இருக்கிறது. நோக்கப்படும் அது உண்மையில் இருக்கிறதா என்பது தனி வழக்கு. கண்ணீர் அந்த வழக்கில் சாட்சியாக முடியாது, எந்தப் பக்கத்துக்கும். சிலிர்ப்பு வந்ததால் இறைவன் வந்தான் என்பவரும், சிலிர்ப்பு நார்அட்ரினலின் என்பதால் இறைவன் இல்லை என்பவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்.

எதிர்த்தரப்பு இத்தோடு ஓயாது. செலுத்திய அட்ரினலின் மூளைக்குள் அதிகம் புகாது. மாரன்யோன் சோதித்தது உடம்பை மட்டும்தான். நோக்கி அழுவதும் மூளையில் நடக்கும் வேதியியலே, அங்கேயும் இதே அசிட்டைல்கோலினும் நார்அட்ரினலினும்தான் சிந்துகின்றன என்பார்கள். நியாயமான வாதம். கேள்வி தீர்ந்துபோகவில்லை, ஒரு படி மேலே ஏறியிருக்கிறது என்பதே அதற்கு நேர்மையான பதில்.

விருப்பத்தால் இதயத்தை நிறுத்திக்காட்டினால் ஆன்மாவின் ஆட்சி நிரூபணமாகும் என்று நம்பியவர்களும் உண்டு. 1935இல் பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் ப்ரோஸ் இந்தியா வந்து யோகிகளின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்தார். துடிப்பு ஏறக்குறைய நின்றதாக ஒரு பதிவு காட்டியது. 1957இல் ஆய்வாளர்கள் வெங்கர், பாக்சி, டெல்லியின் பேராசிரியர் ஆனந்த் ஆகியோர் இன்னும் நல்ல கருவிகளோடு சோதித்தார்கள். சென்னையில் வாழ்ந்த முதிய யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும் அதற்கு இசைந்தார். 1961இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. மூச்சை அடக்கி நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி மறைகிறது, மார்பில் ஒலி தேய்கிறது. ஆனால் மின்பதிவில் இதயம் தொடர்ந்து துடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒருவரால் மட்டும் துடிப்பை ஓரளவு மந்தமாக்க முடிந்தது.

இந்த முடிவால் யோகத்துக்கு இழுக்கு வந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது வேகஸின் பிடி தளர்ந்து இதயம் சற்று விரைகிறது. வெளிவிடும்போது பிடி இறுகி நிதானப்படுகிறது. விருப்பத்துக்கும் விருப்பமின்மைக்கும் பொதுவான ஒரு வாசல் உடம்பில் மூச்சு. அந்த வாசலை இந்த நாட்டவர் எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுகொண்டார்கள் என்பது, இதயத்தை நிறுத்துவதைக் காட்டிலும் பெரிய காரியம்.

ஆணையிடும் ஆன்மாவை மேலை அறிவியலில் கடைசிவரை கைவிடாதவர் ஜான் எக்கிள்ஸ். ஆஸ்திரேலியர், ஆழ்ந்த சமயப்பற்று உடையவர். முடிச்சுகளிலும் மூளையிலும் இவ்வளவு வேகமாகச் செய்தி போவது மின்சாரத்தால்தான் என்று டேலோடு பல ஆண்டுகள் வாதாடினார். உன் கொள்கையை நீயே உடைக்க முயன்று பார் என்று அவருக்குக் கற்றுத்தந்தவர் தத்துவஞானி கார்ல் பாப்பர். 1951இல் நியூசிலாந்தின் டனீடனில் பூனையின் தண்டுவட நரம்பு செல்லுக்குள் மின்முனையைச் செருகி அளந்தபோது, எக்கிள்ஸின் கணிப்புக்கு நேர் எதிரான அளவு வந்தது. தோல்வியை அவரே அறிவித்தார். விவிலியத்தில் தமஸ்கு போகும் வழியில் ஒளி கண்டு மனம் மாறிய சவுலோடு டேல் அவரை ஒப்பிட்டார். 1963இல் நோபல் பரிசும் வந்தது.

தம் அறிவியலை உடைத்துக்கொண்ட அந்த மனிதர், தம் இருமைவாதத்தை மட்டும் உடைக்க முயலவில்லை. 1992இல் இயற்பியலாளர் பிரீட்ரிக் பெக்கோடு சேர்ந்து, மூளையில் நுண்பை திறக்கும் வாய்ப்பை மனம் குவாண்டம் அளவில் சற்றே கூட்டுகிறது என்ற கருதுகோளை முன்வைத்தார். நேர்மையான தேடல்தான். ஆனால் பினியல் சுரப்பியின் இடத்தில் நுண்பையை வைத்ததைத் தவிர தெக்கார்த்திலிருந்து இது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது? வேதியியலில் இடைவெளி தேடி அதற்குள் ஆன்மாவைக் குடிவைத்தால், இடைவெளி சுருங்கும்போதெல்லாம் ஆன்மாவும் சுருங்கும். சைவ சித்தாந்தம் இந்த வழியில் போகவில்லை. அதன்படி உயிர் தானாக அறிவதுகூட இல்லை, உணர்த்தினால் உணர்கிறது. அது நெம்புகோலைப் பிடித்து இயக்கும் பொருளாக அங்கே பேசப்படவில்லை.

என்றாலும் சித்தாந்திக்கு ஒரு கடினமான இடம் காத்திருக்கிறது. மெய்கண்டாரின் வாதம் தூக்கத்தை நம்பியிருக்கிறது: அறிபவன் விலகி, மூச்சு தானாக ஓடும் நிலை. அறுவை அரங்கில் மயக்கமருந்து கொடுக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் கனவும் இல்லை, தானாக ஓடும் மூச்சும் பல நேரம் இல்லை. சுவாசத்தைக் கருவி நடத்துகிறது. துடிப்பு மிகவும் மந்தமானால் மயக்கமருத்துவர் அட்ரோபின் தருகிறார். அழுத்தம் விழுந்தால் நார்அட்ரினலின் ஏற்றுகிறார். தன்னியக்க நரம்புகள் உள்ளே சிந்த வேண்டியதை வெளியிலிருந்து இன்னொரு மனிதர் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிறார். அறிவை விலக்கியதும் ஒரு வேதிப்பொருள்தான், அதை எடுத்துவிட்டால் அறிவு திரும்பிவிடுகிறது. தூக்கத்தில் அறிபவன் எங்கே ஒதுங்கினான் என்பதற்குச் சித்தாந்தத்தில் நுட்பமான பதில்கள் உண்டு: கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்று உயிர் எந்தெந்த நிலையில் நிற்கும் என்று கணக்கிட்டே வைத்திருக்கிறார்கள். ஒரு மருந்தின் அளவுக்கு ஏற்ப அந்தக் கருவிகள் கழல்வதையும் மீண்டும் கூடுவதையும் அந்தக் கணக்கு எப்படி ஏற்கும் என்று, இன்றைய மயக்கவியலை அருகில் வைத்துக்கொண்டு எழுதும் ஓர் உரை சிவஞானபோதத்துக்குத் தேவைப்படுகிறது.